நோட்டீஸிலும் போட்டோவிலும் பாகுபாடு புகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் 16 வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் தொடங்கினேன். இப்போது தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமுள்ள அறக்கட்டளைகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் நோட்டீஸ், ஆண்டறிக்கை, காலண்டர், பேனர் செய்துகொடுப்பதே முழு வேலையாகிவிட்டது. பிழை பார்க்க வந்து பக்கத்தில் உட்காரும் களப்பணியாளர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். பதில்களில் பல, படத்தில் இருந்தவர்கள் எனக்குச் சொல்லித் தந்தவை.

இனவெறி எதிர்ப்புன்னா அது அமெரிக்கா விஷயமாச்சே. செட்டிநாட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் உண்டு. 1965இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை, இனம், நிறம் ஆகியவற்றோடு வம்சாவளியையும் சேர்த்துத்தான் இனப்பாகுபாட்டை வரையறுக்கிறது. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று 2002இல் தெளிவாக்கியது. சாதி வேறு, இனம் வேறு என்பது இந்திய அரசின் வாதம். அந்த வாதம் எப்படிப் போனாலும், பிறப்பை வைத்து ஒருவரைக் கீழே நிறுத்துவது இரண்டிலும் நடக்கிறது.

இந்த மண்ணுக்கு இன்னொரு கதையும் உண்டு. இங்கிருந்து வட்டிக்கடை நடத்த பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனார்கள். தோட்டக் கூலிகளாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனார்கள். 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அங்கே நம்மவர்களைக் 'கள்ளத்தோணி' என்று திட்டினார்கள். இன்றைக்கு இங்கே பரோட்டாக் கடையில் மாவு பிசைகிற பீகார்ப் பையனை 'வடக்கன்' என்று கூப்பிடுகிறோம். அந்தப் பையனுக்கும் நம் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். டெங்கு பற்றியோ தடுப்பூசி பற்றியோ அச்சடிக்கும்போது அடியில் நான்கு வரி இந்தியிலும் போடுங்கள். நம் மொழிக்கு அதனால் ஒரு குறையும் வராது.

நாங்க யாரையும் திட்டி எழுதறதில்லையே. நோட்டீஸ்ல சாதி எங்கேர்ந்து வரும்?

திட்டாமலே வரும். ஒரு அறக்கட்டளை அச்சுக்குக் கொடுத்த வரி இது: "காலனி மக்களுக்கு இலவச மருத்துவ முகாம். பொதுமக்களும் கலந்துகொள்ளலாம்." காலனியில் இருப்பவர்கள் பொதுமக்கள் இல்லையா? எழுதியவருக்குத் துளியும் கெட்ட எண்ணம் கிடையாது, ஊரில் பேசுகிறபடி எழுதிவிட்டார். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று போட்ட பழைய கோடு அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அப்படியே கிடந்தது.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததும் இதனால்தான். தெருவுக்கு அங்கே வாழ்கிறவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ அதைப் போடுங்கள்.

அப்ப எந்தச் சொல்லைத்தான் எழுதறது? எதைத் தொட்டாலும் தப்புங்கிறீங்களே?

அப்படியில்லை. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. 'திருநங்கை' வந்தது. 2021இல் 'அகதிகள் முகாம்' என்பது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. எல்லாம் நம் கண்முன்னே நடந்தவை, நாக்கும் பழகிக்கொண்டது. சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவரிடமே "உங்களை எப்படி எழுதட்டும்?" என்று கேளுங்கள். 'பயனாளி' என்ற சொல்லை முடிந்த மட்டும் நான் தவிர்க்கிறேன். ஆறு மாதம் தையல் கற்று இப்போது நான்கு தெருவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர் தையல்காரர். அவரைப் பயனாளி என்று எழுதினால் அவர் செய்ததெல்லாம் காணாமல் போய், நாம் கொடுத்தது மட்டும் மிஞ்சுகிறது.

பேருக்கு முன்னாடி பின்னாடி போடறதுல என்ன இருக்கு? இடம் பத்தலன்னு சுருக்கறோம், அவ்வளவுதான்.

இடம் பற்றாதபோது யாருடைய மரியாதை முதலில் சுருங்குகிறது என்று பாருங்கள். ஒரு ஆண்டறிக்கையின் ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு வாக்கியங்கள்: "திரு. இன்னார் அவர்கள் தையல் இயந்திரங்களை வழங்கிச் சிறப்பித்தார்கள்." அதற்குக் கீழே, "ஒரு பெண் கண்ணீர் மல்க நன்றி கூறினாள்." கொடுத்தவருக்குத் 'திரு', 'அவர்கள்', 'ஆர்கள்' என மூன்றடுக்கு மரியாதை. வாங்கிய அம்மாவுக்கு 58 வயது. அவருக்குப் பெயரும் இல்லை, 'ர்'உம் இல்லை. தமிழில் பாகுபாடு வந்து ஒளிந்துகொள்கிற இடம் இந்த வினைமுற்றுத்தான். நல்ல மனதோடு எழுதுகிறவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

நான் இப்போது அச்சுக்கு அனுப்பும் முன் 'னான்', 'னாள்' இரண்டையும் தேடுபெட்டியில் போட்டுத் தேடுகிறேன். பெரியவர்களுக்கு எங்கே வந்திருந்தாலும் 'ர்' ஆக்குகிறேன். ஐந்து நிமிட வேலை. பிறகு பெயர்களைப் பார்க்கிறேன். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விட்டும்விட்டார்கள். ஆனால் நன்கொடையாளர் பட்டியலில் அது திரும்ப எட்டிப் பார்க்கும். எல்லாருக்கும் இனிஷியலும் பெயரும் என்று ஒரே விதி வைத்துவிடுங்கள், யாருக்கும் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

போட்டோ இயல்பா இருக்கணும்னு இருக்கிறபடியே எடுக்கிறோம். அதுல என்ன தப்பு?

இதற்கு ஒரு பழைய செய்தியிலிருந்து தொடங்குகிறேன். 1930இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. தங்கம், வெள்ளி நகை ஆகாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு ஏனம் புழங்கக் கூடாது. வெயிலோ மழையோ குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பும் கூடாது. காரைக்குடியும் தேவகோட்டையும் அன்றைக்கு அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. இதை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் நாம் இன்று படம் எடுக்கிறோம். சட்டையில்லாமல், செருப்பில்லாமல், மண்சட்டியோடு எடுத்துவிட்டு 'இயல்பு' என்கிறோம். அந்த இயல்பை ஒரு காலத்தில் தடி எடுத்துக் காவல் காத்தார்கள்.

என் கையாலேயே ஒரு தவறு நடந்தது. தேவகோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நின்றபடி மேலிருந்து எடுத்த படம். வெயில் ஏனத்தில் பட்டுத் தெறித்தது, நல்ல படம் என்று காலண்டரின் மார்ச் மாதத்தில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அங்கே போனபோது அவர் கோபப்படவில்லை. "எம் மகளைப் பொண்ணுப் பாக்க வந்தாகல்ல தம்பி, அவுக வீட்டுலயும் இந்தக் காலண்டர் தொங்குதாம். ஈரச் சேலையோட குத்தவச்சு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சேலை கட்டியிருப்பேன்ல?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை.

அன்றிலிருந்து, படம் எடுக்கப் போகும் நாளை முதல் நாளே சொல்லிவிடச் சொல்கிறேன். எந்த இடத்தில், எந்த உடையில், யாரோடு என்பது அவர்கள் முடிவு. உட்கார்ந்திருப்பவரை எடுத்தால் எடுப்பவரும் உட்கார வேண்டும், கேமரா அவர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். எடுத்ததும் அங்கேயே காட்டி, பிடித்ததை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இதைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டுவாரா என்று எனக்குள் ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் பக்கத்தில் வைக்கிறேன்.

கறுப்பா இருக்கிறவங்க முகம் அச்சுல தெளிவா வரல. கொஞ்சம் வெளுக்க வச்சோம். அதுவும் தப்பா?

முகம் தெளிவாக வர வைப்பது கடமை, நிறத்தை மாற்றுவது தவறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கேமராத் தொழிலே வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்து வளர்ந்தது. கோடாக் நிறுவனம் போட்டோ லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டையில் பல ஆண்டுகள் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்த அட்டைக்கே 'ஷர்லி அட்டை' என்று பெயர். 2018இல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள், முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. குறை முகத்தில் இல்லை, கருவியில்.

ஆகவே கருவியைச் சரிசெய்யுங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்துத் திண்ணை நிழலில், வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்துங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகம் இருண்டு போகும். செல்போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள், அழகூட்டும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். சாதாரணத் தாளில் மை ஊறும். அதனால் கணினியில் நடுத்தர அடர்த்தியைச் சற்றுத் தூக்கலாம். கன்னத்தின் பழுப்பு ரோஸாக மாறுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். 'ஃபேர் அண்ட் லவ்லி'யே 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நாம் ஏன் இன்னும் வெளுக்க வேண்டும்?

கையெழுத்து வாங்கிட்டோம். அப்புறம் என்ன சம்மதம்?

அரிசி கொடுக்கிற கையே படிவத்தையும் நீட்டினால் யாரால் மறுக்க முடியும்? முதலில் உதவியைக் கொடுத்து முடியுங்கள். வேறொரு நாளில், வேறொருவர் போய்க் கேளுங்கள். "முடியாதுன்னு சொன்னாலும் ஒண்ணும் குறையாது" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். படம் எங்கெல்லாம் வரும் என்று சொல்லுங்கள். சுவரில் வருவது வேறு, வாட்ஸப்பில் சுற்றுவது வேறு. பிறகு மனம் மாறினால் யாருக்குப் போன் செய்வது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சம்மதப் படிவம் எல்லாவற்றுக்கும் செல்லாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் தெரியும் எதையும் வெளியிட 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை போடுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் தடுக்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு ஊர்ப் பெயரையும் அப்பாவின் தொழிலையும் எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

சோகமா இருந்தாத்தானே நன்கொடை வருது? சிரிக்கிற படத்தைப் போட்டா யார் பணம் தருவாங்க?

சோகப் படத்துக்குப் பணம் வருவது உண்மைதான். 1984, 85இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்களைப் பார்த்து உலகமே பணம் அனுப்பியது. ஆப்பிரிக்கா என்றால் ஒட்டிய வயிறும் ஈ மொய்க்கும் முகமும்தான் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து உலகத்தின் மனதில் உட்கார்ந்துவிட்டது. இதற்குப் பிறகுதான் தொண்டு நிறுவனங்கள் தமக்குத் தாமே பட நெறிமுறைகள் எழுதிக்கொண்டன. அயர்லாந்துத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான டோகாஸ் வகுத்தது அவற்றில் நன்கு அறியப்பட்டது.

கஷ்டத்தை மறைக்கச் சொல்லவில்லை. முகத்தில் காட்டாமல் கணக்கில் காட்டுங்கள். "பசியால் வாடும் பிஞ்சுகள்" என்பதற்குப் பதிலாக, பள்ளி எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை மணிக்கு, அந்த பஸ் நின்றுபோனதால் எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டார்கள், ஒரு சைக்கிள் என்ன விலை என்று எழுதுங்கள். பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிற பெண்ணின் படம். கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று புரியும். அந்தப் பெண்ணும் அதைத் தோழிகளிடம் காட்டலாம்.

கலர்ல என்னங்க சாதி இருக்கு?

தென் மாவட்டங்களில் இருக்கிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்தே பள்ளிப் பிள்ளைகள் சாதி பார்க்கிறார்கள். நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கைக்கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என எந்த வகையிலும் பள்ளியில் சாதி அடையாளம் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. ஆகவே இரண்டு நிறப் பட்டைகளை மேலும் கீழும் ஓட்டும் முன், அதே சேர்க்கை ஊர்க் கொடிக்கம்பத்திலோ சுவரிலோ இருக்கிறதா என்று களத்தில் இருப்பவரைக் கேளுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்காமல் அடித்த சிறுசேமிப்பு நோட்டீஸை ஒரு தெருவில் யாரும் கையால் வாங்கவில்லை.

இன்னொன்று, கண். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற அளவு. வெள்ளையில் மஞ்சள் எழுத்து அந்தப் பக்கமே வராது.

செட்டிநாடுன்னா பெரிய வீடுதானே? அட்டையில அதைப் போடறதுல யாருக்கு என்ன வருத்தம்?

வீடு அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆண்டறிக்கைக்கு ஆண்டறிக்கை அதே முகப்பும் அதே தூணும் வந்தால், செட்டிநாட்டில் வேறு யாருமே வாழவில்லை என்று ஆகிவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் எப்படி வருகிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் இரும்பு அச்சை வைத்து, கண் ஒவ்வொன்றிலும் கரண்டியால் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். அந்தக் கண்ணாடியின் பளபளப்புத்தான் தரையில் மினுங்குவது. ஊற்றிய கை எந்த அட்டையிலும் கிடையாது. கண்டாங்கி நெய்தவர், ஓலைக்கொட்டான் முடைந்தவர், முட்டையும் கடுக்காயும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்தவர் எல்லோருக்கும் இதே கதிதான். வீட்டைப் போடுங்கள், செய்தவரையும் சம அளவில் போடுங்கள். பெயரும் வேண்டும்.

மந்தையில நோட்டீஸ் ஒட்டியாச்சு, ஆட்டோவும் விட்டாச்சு. அந்தத் தெருவிலேர்ந்து மட்டும் யாரும் வரலையே?

மந்தைக்கு, அதாவது ஊர்ப் பொதுவிடத்துக்கு, அந்தத் தெருவினர் எப்போது வந்து நிற்கிறார்கள்? அங்கே நின்று படிக்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கிறதா? கூட்டம் நடக்கும் மண்டபம் யாருடையது? நூறு நாள் வேலைத் தளம், ரேஷன் கடை, அங்கன்வாடி, அவர்கள் தெருக் குழாயடி எங்கும் ஒட்டுங்கள். இடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுங்கள். வராததற்குக் காரணம் பெரும்பாலும் நோட்டீஸில் 'இடம்' என்று போட்ட அந்த ஒரு வரியில் இருக்கும்.

படிக்கத் தெரியாதவங்களுக்கும் கண் தெரியாதவங்களுக்கும் என்ன பண்றது?

ஒரு நிமிடக் குரல் பதிவு போதும், வாட்ஸப்பில் அனுப்பலாம். பேசுபவர் அந்த ஊர்க்காரராக இருக்கட்டும், "வந்தாக, சொன்னாக" என்றே பேசட்டும். செய்தியைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். பார்வையற்றோரின் போனில் எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பல நேரம் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தவறவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அது உளறும். யூனிகோடில் அடித்த வரிகளைப் படத்துக்குக் கீழே சேர்த்து அனுப்புங்கள்.

நீங்க சொல்றபடி பார்த்தா சாதியைப் பத்தியே எழுதக் கூடாதா?

எழுத வேண்டும். 'காலனி மக்கள்' என்று தேவையில்லாத இடத்தில் அடையாளம் குத்துவதைத்தான் மேலே வேண்டாம் என்றேன். தீண்டாமை நடந்த இடத்தில் அதைச் சொல்லாமல் மழுப்புவது இன்னொரு தவறு. "விளிம்புநிலை மக்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள்" என்ற வாக்கியத்தில் புறக்கணித்தவர் யார் என்று இல்லை. "டீக்கடையில் பட்டியல் சாதியினருக்குத் தனி டம்ளர் வைக்கிறார்கள்" என்றால் செயலும் செய்தவரும் வந்துவிடுகிறார்கள். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. துணிந்து எழுதலாம். ஆனால் எழுதியதால் அந்த ஊரில் யாருக்கு ஆபத்து வரும் என்பதை, அங்கே இருப்பவர்களிடம் கேட்ட பிறகே அச்சிடுங்கள்.

எழுதறவர், டிசைன் பண்றவர், தலைவர் எல்லாம் ஒரே ஆளுங்கதான். ஆனா நல்லவங்க. அது போதாதா?

போதாது. நானும் நல்ல மனதோடுதான் அந்த மார்ச் மாதப் படத்தை வைத்தேன். மாற்றுத்திறனாளிகள் இயக்கம் உலகெங்கும் சொல்லிவரும் முழக்கம் ஒன்று உண்டு: எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள். அச்சுக்கு முன் நான்கு பேர் அரை நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும், அவர்கள் "வேண்டாம்" என்றால் அது போகக் கூடாது. அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். டீயும் பன்னும் கூலி ஆகாது.

நன்கொடையாளர் தன் படம் பெரிசா வரணும்ங்கிறார். அவரை எப்படிப் பகைச்சுக்கறது?

பகைக்க வேண்டாம், முன்கூட்டியே சொல்லுங்கள். 'எல்லாப் படமும் ஒரே அளவு, பெயர்கள் அகர வரிசையில்' என்று வருடத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், யாரையும் குறிவைத்ததாக இருக்காது. நன்றியைத் தனியாக ஒரு நல்ல கடிதமாக அனுப்புங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாத ஒருவரின் நன்கொடையை ஒரு மகளிர் குழு வேண்டாம் என்றே சொல்லியது. அவ்வருடக் காலண்டர் இரண்டு நிறத்தில் மட்டும் வந்தது.

தப்பா அச்சாகி வெளியே போயிடுச்சு. இனி என்ன செய்ய முடியும்?

முதலில் மிச்சப் பிரதிகளை நிறுத்துங்கள். இணையத்தில் இருப்பதை அன்றைக்கே எடுங்கள். பிறகு நேரில் போங்கள், போனில் வேண்டாம். தவறு எது என்று நீங்களே சொல்லுங்கள், எப்படிச் சரிசெய்வது என்று அவர்களைக் கேளுங்கள். எங்கள் செலவுக் கணக்கில் இப்போது 'திருத்த அச்சு' என்று ஒரு தலைப்பு உண்டு. மொத்த அச்சுச் செலவில் பத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கச் சொல்கிறேன்.

அந்த அம்மா விஷயத்திலும் அப்படித்தான் செய்தோம். கிடைத்த காலண்டர்களைத் திரும்ப வாங்கி, மார்ச் தாளை மட்டும் புதிதாக அடித்து மாற்றினோம். படம் எடுக்கப் போன அன்று அவர் அரக்கு நிறச் சேலை கட்டி, மகளையும் பக்கத்தில் நிறுத்தி, வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொன்னார். மூன்று படம் எடுத்தோம், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லி முகவரி கொடுத்தார்.